குமிழி கரையும்வரை

ஜூன் 3, செவ்வாய்

முதல் டிரிப் 5.40. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி, திரும்ப வால்பாறை, மறுபடி ஒரு முறை. வலது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. தண்ணீர் அடித்துக் கழுவியும் போகவில்லை. தெய்வானை தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் போய்விடும் என்கிறாள். பக்கத்து லைன் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாளாம். ஐம்பத்தெட்டு வயதில் தாய்ப்பால் கேட்டுப் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டு ஜன்னல் கம்பிகள் நடுவில் கோணியிருக்கின்றன. மாட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கம்பி போட்டவனைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

தூசி இருக்கிறது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். தெய்வானை டம்ளரைச் சரியான இடத்தில் வைப்பதில்லை. சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

ஜூன் 5, வியாழன்

இந்த ஊரில் மின்கம்பம்கூட நேராக நிற்பதில்லை. டூட்டி பார்த்தேன்.

ஜூன் 6, வெள்ளி, காலை

நான்கு நாளாகக் கொட்டிய மழை விட்டது. பளிச்சென்று வெயில். இன்றைக்கு வளைவுகளில் நின்றால் ஆழியார் அணை முழுதாகத் தெரியும்.

அதே நாள், மாலை

இரண்டாவது டிரிப்பில், ஏறும்போது, பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு ஸ்கூட்டர் பஸ்ஸின் வலது முன்மூலையில் உரசிவிட்டது. ஓட்டி வந்தவர் பெயர் ஜெபமணி. எஸ்டேட் பால்வாடி டீச்சர். தடுப்புச் சுவரில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. தூறல் இருந்தது. ஸ்கூட்டர் வேகமாக இறங்கி வந்தது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் முதல் பாடம். அது அவருக்குத் தெரியவில்லை.

கண்டக்டர் ஆரோக்கியசாமியும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் அந்த நேரம் கடைசி சீட்டில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். ஆனாலும் டிரைவரை விட்டுக்கொடுக்காதவன்தான் கண்டக்டர். போலீஸும் டீச்சர் மேல்தான் வழக்கு எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக ஏன் எழுதுகிறேன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு மாடு குறுக்கே வந்து விழுந்து கேஸ் ஆனது. அப்போது எனக்காக வாதாடிய வக்கீல், “குழந்தைவேலு, தினமும் நடந்ததை அன்றன்றைக்கே எழுதி வை. கோர்ட்டில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு” என்றார். அன்றிலிருந்து இருபத்தாறு டைரி எழுதியாகிவிட்டது. அந்த மாட்டுக்குப் பிறகு இருபத்தாறு வருடமும் ஒரு விபத்து கிடையாது. இதுவும் என் கணக்கில் வராது.

ஜூன் 8, ஞாயிறு

தூசி.

ஜூன் 10, செவ்வாய்

டிப்போ சுவரில் எழுதியிருக்கும் “நிதானம்” என்ற சொல்லை வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருந்தன. நடுவில் கரும்புள்ளி, பெரிய அப்பளம் அளவுக்கு. இடது கண்ணைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆனாலும் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன். வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 11, புதன், கோயம்புத்தூர்

கண் ஆஸ்பத்திரி. மூன்று மாடி, நான்கு வரிசை, ஆறு இடத்தில் கையெழுத்து. கடைசியில் ஒரு டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார்.

விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் ஒன்று கசிந்து, பார்வையின் நடுப்புள்ளிக்குக் கீழே ரத்தம் தேங்கி நிற்கிறதாம். ரத்தம் அங்கேயே கிடந்தால் மேலே இருக்கும் நரம்பெல்லாம் செத்துப்போகும். அதனால் ரத்தத்தைக் கரைக்க ஒரு மருந்து, அப்புறம் கண்ணுக்குள்ளேயே கொஞ்சம் வாயு. நான் குப்புறக் கிடந்தால் அந்த வாயுக்குமிழி மேலெழும்பி விழித்திரையை அழுத்தும். ரத்தம் நடுவிலிருந்து ஓரமாகத் தள்ளப்படும். கேட்கும்போது டயருக்குக் காற்றடிப்பதுபோல இருந்தது.

“எப்பருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“முந்தாநாளுங்க.”

அவர் மறுபடி ஒருமுறை விளக்கை அடித்துப் பார்த்தார். “முந்தாநாள்தானா? நாள் ஆக ஆக ரத்தம் கெட்டிப்பட்டுரும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

“முந்தாநாள்தானுங்க.”

எழுதிக்கொண்டார். தெய்வானை பக்கத்தில்தான் நின்றாள்.

ஊர் வால்பாறை என்றதும் டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். குமிழி கரையும்வரை மலை ஏறவே கூடாதாம். மேலே போகப் போகக் காற்று விரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி உள்ள பார்வையும் போய்விடும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் அட்டகட்டி தாண்டும்போது தலையணைபோல உப்பிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறவன் நான்.

ஊசி போட்டாயிற்று. வலி பெரிதாக இல்லை. கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டிவிட்டார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, உயரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறதாம். பொள்ளாச்சியில் மச்சினன் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அங்கே ஐந்து நாள் குப்புறப் படுக்கை. அப்புறம் குமிழி போகும்வரை அங்கேயே வாசம்.

ஜூன் 12, வியாழன், பொள்ளாச்சி

முதுகு. கழுத்து. முதுகு.

இருபத்தாறு வருடம் எதிரே பார்த்தே உட்கார்ந்தவனைத் தரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். தெய்வானை பழைய சேலையைச் சும்மாடு மாதிரி சுருட்டி மேஜை விளிம்பில் வைத்திருக்கிறாள். நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து உட்கார வேண்டும். டைரியை மடியில் வைத்து எழுதுகிறேன். சாப்பாட்டுத் தட்டும் மடியில்தான். ரசம் மூக்குக்குள் போய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் இருநூறு முறை எழுந்திருக்க நினைத்தேன். ஐந்து முறை எழுந்துவிட்டேன். ஐந்து முறையும் தெய்வானை பிடரியில் கை வைத்து அழுத்தினாள்.

ஜூன் 13, வெள்ளி

தரையில் பதினெட்டு டைல்ஸ். ஆறாவதில் ஒரு விரிசல். எறும்புகள் அதன் வழியாக மேற்கே போகின்றன.

தெய்வானை தரையில் ஒரு கண்ணாடியை வைத்தாள். அதில் டிவி தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். டிவி தெரியவில்லை. அவள் முகம் தெரிந்தது. இவ்வளவு நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்துப் பல வருடம் இருக்கும். கண்ணாடிக்குள்ளிருந்தே பேசினாள்.

“ஏனுங்க, முந்தாநாள்னு எதுக்குச் சொன்னீங்க?”

“அன்னைக்குத்தான் ரொம்ப ஆச்சு.”

“மூணாந்தேதி தாய்ப்பால் உடச் சொன்னது நானு. எனக்குத் தேதி தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களா?”

சொட்டு மருந்து நேரம் ஆகிவிட்டது என்றேன். ஆகவில்லை, இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

ஜூன் 14, சனி

ஆரோக்கியசாமி வந்தான். செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். வலது பெருவிரல் வார் அறுந்து, பின்னூசி குத்தியிருப்பான்.

இருபதாம் தேதி டிப்போவில் விசாரணை வைத்திருக்கிறார்களாம். என்னால் மலை ஏற முடியாது என்று டாக்டரம்மா எழுதி, நான் அனுப்பியிருந்த கடிதத்தைக் கொடுத்து ஒத்திப்போடச் சொல்லியிருக்கிறான். குமிழி போனதும் தேதி சொல்வார்கள்.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. கண்ணு கெட்டுப்போச்சுன்னா லைட் டூட்டி கொடுப்பாங்க. டைம் கீப்பர் ரூம்ல ஒக்காந்துட்டு பதினாலு மாசத்த ஓட்டிப்போடலாம். ஆனா கண்ணு தெரியாமயே வண்டி ஓட்டுனீங்கன்னு ஆச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஆஸ்பத்திரி சீட்டுல என்ன தேதி போட்டிருக்குது?”

“ஒன்பது.”

“அப்ப ஆறாந்தேதி கண்ணு நல்லா இருந்துச்சு. முடிஞ்சுது. டைரியும் இருக்குதில்ல? அதையும் கொண்டாங்க. உங்க டைரிக்கு மேல சாட்சி எது?”

நல்ல பையன். என்னைவிட நான்கு வயதுதான் சின்னவன், ஆனாலும் பையன்.

ஜூன் 15, ஞாயிறு

பால்வாடி டீச்சர் வந்தார். நலம் விசாரித்தார். ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 16, திங்கள்

இன்று குப்புற இருக்கும் கடைசி நாள். மாலையிலிருந்து நிமிர்ந்து நடக்கலாம். குமிழி தெரிகிறது. கறுப்பு விளிம்போடு ஒரு வட்டம், பார்வையின் கீழ்ப்பக்கம் தளும்பிக்கொண்டே இருக்கிறது. குனிந்தால் நடுவுக்கு வந்து நிற்கிறது. நடக்கும்போது கொத்தனார் லெவல் பார்க்கும் ரசமட்டத்துக் குமிழிபோல ஆடுகிறது.

நேற்றைய பக்கத்தை மறுபடி படித்தேன். மூன்று வரிதான் இருக்கிறது. நடந்தது மூன்று வரி அல்ல.

முதலில் வாசலில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. நீல ரப்பர் செருப்பு, நகத்தில் பழைய மருதாணி. தெய்வானை “வாங்க, உக்காருங்க” என்றாள். உட்காரவில்லை. கட்டு மாற்றப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“டிரைவரண்ணே, கண்ணு எப்படி இருக்கு?”

“பரவால்லீங்க.”

“எனக்கு ஒண்ணு கேக்கணும்ணே. கேஸுக்காக இல்ல. கேஸு இருந்தா வேலைய நிரந்தரம் பண்ண மாட்டாங்கதான், அது வேற விசயம். நான் நின்னுட்டுதானே இருந்தேன்? வண்டி ஏறி வருதுன்னு ஓரமா நிறுத்திட்டுதானே இருந்தேன்?”

நெற்றியைச் சேலைச் சுருட்டில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“எல்லாரும் நீ வேகமா வந்தே வேகமா வந்தேங்கறாங்க. போலீஸ்லயும் சொல்றாங்க, எங்க வீட்டுக்காரரும் சொல்றாரு. ஒரு வாரமா கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாயிருச்சு. ராத்திரி படுத்தா நான் ஓட்டிட்டு வர்ற மாதிரியே தெரியுது. எதுக்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்கதானே பாத்திருப்பீங்க.”

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

ஆரஞ்சை மேஜையில் வைக்கப் பாதங்கள் கிட்டே வந்தன. அப்புறம் “உடம்பப் பாத்துக்கோங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பின. தலையைத் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு போட்டிருந்தது நேற்று எனக்கு வசதியாகப் போயிற்று. ஐந்து நாளில் அந்த ஒரு கால் மணி நேரம்தான் நான் முழுசாகக் குனிந்திருந்தேன்.

ஆரஞ்சு இன்னும் மேஜையில் இருக்கிறது. தெய்வானையும் உரிக்கவில்லை.

ஜூன் 18, புதன், கோயம்புத்தூர்

ரத்தம் நடுவிலிருந்து கொஞ்சம்தான் விலகியிருக்கிறது. டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பாய்ந்திருந்தது.

“பாருங்க, புது ரத்தம் இப்படி மஞ்சளாகாது. முதல் நாளே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. நடுவுல கெட்டிப்பட்டது கரையல. முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா நகர்ந்திருக்கும். நான் போலீஸ் இல்லீங்க, உங்க டாக்டர். எப்ப ஆரம்பிச்சுது?”

“சொன்னேனுங்களே.”

அவர் கோபப்படவில்லை. இனி மாதம் ஒரு ஊசி, கசிவு நிற்க. எழுத்தின் விளிம்பு தெரியும், நடு தெரியாது. பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்னார். எங்கள் மலையின் நாற்பது வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று டிப்போவில் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

திரும்பும் வழியில் தெய்வானை பஸ்ஸில் அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அழுகைதான்.

ஜூன் 20, வெள்ளி

குமிழி ஐந்து ரூபாய் நாணயம் அளவு. மாடியில் நடந்தேன். இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்கும் நாற்பத்தொரு தப்படி. எண்பது முறை நடந்தேன். கீழே இருந்து மச்சினன், “மச்சான், கொஞ்சம் ஒக்காருங்க, சீலிங் பொளந்துக்கும்” என்று கத்தினான்.

ஜூன் 22, ஞாயிறு

குமிழி பட்டாணி அளவு. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அது சீக்கிரம் போய்ப் பார்வை தெளிய வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொள்கிறேன். போனால் தேதி சொல்லிவிடுவார்களே, போகாமல் இருக்கட்டும் என்று மாலையில் வேண்டிக்கொள்கிறேன். ஒரே சாமியிடம்தான் இரண்டையும் கேட்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

மிளகு.

ஜூன் 25, புதன்

மிளகு இரண்டாகப் பிரிந்தது. மதியம் ஒன்றைக் காணோம். தெய்வானையிடம் சொல்லவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தேன். இல்லை. தலையை ஆட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை.

“இன்னும் இருக்குதுங்களா?” என்று தெய்வானை கேட்டாள்.

“இருக்குது” என்றேன்.

என் முகத்துக்கு நேராக வந்து நின்று, கண்ணைப் பார்த்தாள். அவளுக்குக் குமிழி தெரியாது, தெரிய வாய்ப்பே இல்லை. ஆனாலும் பார்த்தாள். அப்புறம் அந்த ஆரஞ்சை எடுத்து வந்தாள். ஒரு பக்கம் பூசணம் பிடித்திருந்தது.

“இதைத் தூக்கி எறியறதா, இன்னும் வெச்சுக்கறதா? நீங்க சொல்லுங்க.”

“குமிழி போயிருச்சு” என்றேன்.

ஜூன் 27, வெள்ளி, கோயம்புத்தூர்

டாக்டரம்மா பார்த்து, பட்டையைக் கத்தரித்தார். மலை ஏறலாம். வெளியே வந்து இரண்டு படி இறங்கிய பிறகு திரும்பிப் போனேன். அடுத்த ஆள் உள்ளே இருந்தார். கதவருகே நின்றபடியே சொன்னேன்.

“மூணாந்தேதிங்க. ஜூன் மூணு.”

அவர் என் சீட்டை மறுபடி வாங்கித் தேதியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“இதுனால உங்க கண்ணுக்கு இனி ஒண்ணும் மாறாதுங்க” என்றார்.

“தெரியுமுங்க.”

ஜூலை 1, செவ்வாய், வால்பாறை டிப்போ

மழை. உண்மையான மழை.

இந்தப் பாதையில் பயணியாக வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டியவன் புதியவன், கியர் மாற்றும் இடமெல்லாம் தப்பு. என் கால் தானாகப் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தது. பதினேழாவது வளைவில் ஒரு பைக் இறங்கி வந்தது. ஏறும் பஸ்ஸைப் பார்த்து ஓரம்கட்டி, காலை ஊன்றி நின்றது. புதியவன் அதைப் பார்த்துக்கொண்டே வளைத்தான். தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

விசாரணைக்கு எனக்கு முன்னால் கூப்பிட இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆரோக்கியசாமி எதிரே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். அவனுக்கும் இதில் சேதம் வரும். உள்ளே போகும் முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

திருத்தங்கள்:

ஜூன் 3 அன்று எழுதிய தூசி, தூசி அல்ல. ஜன்னல் கம்பி நேராகத்தான் இருக்கிறது. டம்ளரும் சரியான இடத்தில்தான் இருந்தது.

ஜூன் 6 மாலை எழுதிய தூறல் பொய். அன்றைக்குக் காலையில் எழுதியதே சரி, பளிச்சென்று வெயில். கண்டக்டர் எதையும் பார்க்கவில்லை. டிரைவர் சொன்னதை எழுதினார்.

அந்த வளைவு இடப்பக்கம் திரும்பும். நீளமான வண்டி, வலது ஓரம் வரை போய்த்தான் வளைய வேண்டும். வளைவுக்கு முன்பு அந்த அம்மாவை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சுவரோரம் ஸ்கூட்டரை நிறுத்தி, இடது காலை ஊன்றியிருந்தார். நீங்க ஏறிப் போங்க என்று இடது கையால் காட்டினார். நானும் பதிலுக்குத் தலையசைத்தேன். வலப்பக்கம் ஒடித்தபோது முன் கண்ணாடியோரத் தூண் இடது கண்ணுக்கும், கரும்புள்ளி வலது கண்ணுக்குமாகச் சேர்ந்து அவரை மறைத்துவிட்டன. மூன்று நாளாக என் கண்ணில் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மறைந்தவர் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

பெயர் கூப்பிடுகிறார்கள்.

அதே நாள், மாலை

டைரியை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். முடிவு தபாலில் வருமாம். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆரோக்கியசாமி என்னோடு பேசாமல் போய்விட்டான்.

வீட்டுக்குப் போகும் முன் பால்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். டீச்சர் ஒற்றைக் கையால் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் மங்கல், ஓரமெல்லாம் தெளிவு.

“நீங்க நின்னுட்டுதான் இருந்தீங்க டீச்சர். கால ஊனி நின்னீங்க. போங்கன்னு கைகூடக் காட்டுனீங்க.”

அவர் பாயைக் கீழே வைத்துவிட்டு, கட்டுப் போட்ட இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆமாண்ணே,” என்றார். “இந்தக் கைதான்.”